சனிக்கிழமைப் பின்னேர ரெஸ்லிங்

ஐம்பதைத் தொடப்போகிறவர்களுக்கும் தொட்டுக் கடந்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ரீவியில் காட்டிய அமெரிக்க ரெஸ்லிங்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்து ஒன்றிரண்டு வருஷம் போன பிறகுதான் அது எங்களுக்கு வரும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில்தான் அந்தப் பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் தூக்கி நிலத்தில் அடிக்கிறார்கள் என்று நம்பிக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவை எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. யாரோ பழைய வீடியோ கசெற்றுகளில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படத்தின் அடிப்பக்கம் நடுங்கும். சிவப்பு நிறம் உருவத்தை விட்டு வழிந்து பக்கத்தில் நிற்கும். இடையில் சவர்க்கார விளம்பரம்கூட வரும். எட்டு வருஷமாக நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மதியம் சாப்பிடும்போது கைத்தொலைபேசியில் ஒன்று. வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் கதிரையில் இருந்து இன்னொன்று.

“மிஸ்சுக்கு உதில என்ன பிடிப்பு?” என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பார்கள்.

பொழுதுபோக்கு என்பேன். அது பொய். நான் ஒரு போட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா, அண்ணா, நான் மூவரும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜில் தங்கியிருந்தோம். அப்பா முன்னரே கனடாவுக்குப் போயிருந்தார். ஸ்பொன்சர் அலுவல் முடிந்ததும் நாங்களும் போவதாக ஏற்பாடு. அந்த லொட்ஜில் இருந்த எல்லாரும் எங்கேயோ போவதற்காக இருந்தவர்கள்தான். இலண்டனுக்கு, சுவிசுக்கு, அவுஸ்திரேலியாவுக்கு. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. கனடா அம்மா, சுவிஸ் தம்பி என்று போகும் நாட்டை வைத்தே கூப்பிடுவார்கள். போய்விட்டால் அடுத்த வாரமே அதே பெயரில் இன்னொருவர் வந்து அதே அறையில் இருப்பார்.

அண்ணாவுக்குப் பத்தொன்பது. எங்களை ஊரில் இருந்து கிளப்பியதே அந்த வயதுதான். அங்கே இருந்தால் ஒரு பக்கம் இயக்கம் இழுக்கும், மற்றப் பக்கம் ஆமி பிடிக்கும் என்று அம்மா சொல்வாள். இரவோடு இரவாகத் தண்ணீரைக் கடந்து, பிறகு லொறியில், பிறகு நடந்து, சோதனைச் சாவடி சாவடியாகக் கெஞ்சி அவனைக் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். கொண்டுவந்த பிறகுதான் இங்கேயும் அதே வயதுதான் ஆபத்து என்று கண்டுகொண்டாள். லொட்ஜில் இருப்பவர்கள் பொலிசில் பதிந்து ஒரு துண்டு எடுக்கவேண்டும். அந்தத் துண்டையும் அடையாள அட்டையையும் அம்மா தன் கைப்பைக்குள் வைத்திருந்தாள். அண்ணா காலி வீதிக்குப் போவதென்றாலும் அவளிடம் கேட்டு வாங்கவேண்டும். அநேகமாக அவள் கொடுக்கமாட்டாள்.

எங்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கடல் நூறு அடியில் இருந்தும் நாங்கள் அதைக் கண்டது குறைவு, மணத்தைத்தான் அறிந்திருந்தோம். உப்பு மணமும் கீழே சமையலறையில் வதக்கும் வெங்காய மணமும் கலந்து எங்கள் துவாய்களில்கூடப் பிடித்திருக்கும். அண்ணா அந்த அறைக்குள் நாள் முழுக்க நடப்பான். கட்டிலில் இருந்து கதவு வரைக்கும் ஆறு அடி. திரும்ப ஆறு அடி.

அதனால்தான் கீழே ஹோலில் ரீவி இருக்கிறதென்று அறிந்தபோது அம்மா சந்தோஷப்பட்டாள். “உதையாவது பாத்துக்கொண்டு வீட்டுக்குள்ள கிடக்கட்டும்” என்றாள். அவள் வாயால் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த ரீவிக்கு இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக் கதவுகள் இருந்தன. அவற்றின் பூட்டுத் திறப்பு மனேஜரிடம். அவர் ஐம்பது வயதுக்காரர், தனி மனிதர், எப்போதும் சாரத்துக்கு மேல் வெள்ளைச் சேட்டு. சனிக்கிழமை பின்னேரம் கணக்குக் கொப்பிகளை மூடி வைத்துவிட்டு வந்து அந்த மரக் கதவுகளை இழுப்பார். கடகடவென்று ஒரு சத்தம். அதைக் கேட்டதும் மூன்று மாடியில் இருந்தும் ஆட்கள் இறங்கி வருவார்கள். வயதானவர்களுக்குப் பிரம்புக் கதிரைகள். எங்களுக்குச் சிவப்புச் சீமெந்து நிலம். கடற்கரையோரம் ரயில் போகும்போது படம் சரிந்து குறுக்காக ஓடும். ரயில் போய் முடியும்வரை யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது. மனேஜர் மேசையில் குத்தி, “இந்த ரயிலுக்கு இப்பத்தான் வர நேரம் கிடைச்சதோ!” என்று கத்துவார்.

ரெஸ்லிங்காரருக்கு நாங்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தோம். உடம்பு முழுக்க மயிரோடு, குனிந்தபடி நடந்து வருபவனுக்கு அண்ணா வைத்த பெயர் கரடி. முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேராக வருபவர்கள் முகமூடிச் சகோதரர்கள். என்னுடைய ஆள் வெள்ளிச் சப்பாத்து. மெலிந்தவன், தலைமயிர் முன்பக்கம் கொட்டிப்போனவன், காலில் மினுங்கும் வெள்ளி நிறச் சப்பாத்துப் போட்டிருப்பான். அவன் வரும்போது பாட்டுப் போடமாட்டார்கள். நாங்கள் பார்க்கத் தொடங்கும்போதே அவன் வளையத்துக்குள் நிற்பான். அறிவிப்பாளர் அவன் பெயரை அவசரமாகச் சொல்லி முடிப்பார். பிறகு ஒரு பெரியவன் பாட்டோடும் வெளிச்சத்தோடும் வந்து மூன்று நிமிஷத்தில் அவனைத் தூக்கி அடித்துவிட்டுப் போவான்.

அவன் வெல்லவேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தேன். உண்மையாகத்தான். கனடா விசாவுக்கு நேர்ந்தது அம்மா.

“வாற கிழமை வெல்லுவான் பார்” என்பான் அண்ணா. “இண்டைக்குக் கை வழுக்கிப்போச்சு. பிடி சரியாப் பிடிச்சவன், வழுக்கிப்போச்சு.”

காலி வீதி நடைபாதையில் ஒருவன் பரப்பி வைத்திருந்த சாமான்களுக்குள் இருந்து ஒரு கட்டு ரெஸ்லிங் கார்ட் வாங்கித் தந்திருந்தான். நீங்களும் விளையாடியிருப்பீர்கள். ஒவ்வொரு கார்ட்டிலும் ஒரு ஆளின் படம், உயரம், நிறை, வென்ற போட்டிகள். அதில் வெள்ளிச் சப்பாத்து இல்லை. நான் அழுதேன். அண்ணா சேட்டுப் பெட்டி மட்டையை அளவாக வெட்டி, நீலப் பேனையால் அவனை வரைந்து, உயரம் நிறை எல்லாம் எழுதினான். வென்றவை என்ற இடத்தில் “இனித்தான்” என்று எழுதினான். அந்த மட்டை எந்த அறை மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. சப்பாத்துக்கு அவன் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை ஒட்டியிருந்தான்.

நோர்வே அக்கா வந்தது மழை தொடங்கிய காலத்தில். நோர்வேயில் இருந்த ஒருவருக்குப் பேசி முடித்து, பதிவும் செய்து, விசாவுக்காக அவருடைய தாயான மாமியோடு வந்து இரண்டாம் மாடியில் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முதல் சனிக்கிழமை கதவோரம் அடக்கமாக நின்று பார்த்தவள், முகமூடிச் சகோதரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கரடியை மூலையில் வைத்து அடிக்கத் தொடங்க, “எழும்படா! எழும்பி அடியடா!” என்று கத்திவிட்டாள். ஹோலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனேஜர் எழுந்து தன்னுடைய கதிரையை அவளுக்குக் கொடுத்தார். அவள் அதில் இருக்கவில்லை. எங்களோடு நிலத்தில் வந்து இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். முன்னால் நான், ரீவிக்கு இரண்டு முழம் தள்ளி. எனக்குப் பின்னால் அண்ணா. அவனுக்குப் பக்கத்தில் நோர்வே அக்கா. அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனைத் தம்பி என்றாள். போட்டி நடக்கும்போது அண்ணா அவள் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொல்வான். அவள் சிரிப்பை அடக்கமுடியாமல் சாறித் தலைப்பால் வாயை மூடுவாள். நான் திரும்பினால் இரண்டு பேரும் நேராக இருப்பார்கள்.

“என்ன சொன்னனீ?” என்று கேட்பேன்.

“ஒண்டுமில்லை. நீ அங்கால பார். வெள்ளிச் சப்பாத்து வரப்போறான்.”

எனக்கு அதில் ஒரு சின்ன மனவருத்தம் இருந்தது. அவன் எனக்குச் சொல்லாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா எங்களைக் கூப்பிடப் படியால் இறங்கி வந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். நான் தற்செயலாகத் திரும்பியபோது அவள் நிற்பதைக் கண்டேன். அண்ணா குனிந்து நோர்வே அக்காவின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தான். அவள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா எங்களைக் கூப்பிடாமலே திரும்பி ஏறிப் போனாள்.

அன்று என் தலையைச் சீவி இழுக்கும்போது கேட்டாள். “அவை ரெண்டு பேரும் என்ன கதைக்கிறவை?”

“தெரியாது. ரகசியம்.”

“ரகசியமோ?”

“ஓம். நான் திரும்பினா நிப்பாட்டிப்போடுவினம்.”

சீப்பு என் தலையில் அப்படியே நின்றது. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் எனக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா குளித்துவிட்டு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். நான் கட்டிலில் இருந்தேன்.

“இனிச் சனிக்கிழமையில நீ கீழ போகத் தேவையில்லை.”

“ஏன்?”

“அது இன்னொருத்தருக்கு எழுதின பிள்ளை. உனக்குத் தெரியாதோ?”

அண்ணாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தான். “அம்மா, அவ எனக்கு அக்கா.”

“வாயால அக்கா எண்டாப் போதுமோ? நாளைக்கு அந்த மாமி நோர்வேக்கு ஒரு ரெலிபோன் எடுத்தா அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கை என்ன ஆகும்? நாங்கள் இந்த லொட்ஜில முகம் குடுக்கேலுமோ?”

“நாங்கள் ரெஸ்லிங்கைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்.”

“ரெஸ்லிங்கைப் பற்றிக் காதுக்குள்ளயோ கதைக்கிறது?”

அண்ணா என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திரும்பவும் என்னைப் பார்த்தான். துவாயைக் கொடியில் போட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கோபத்தில் பார்க்கிறான் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் அவன் இறங்கவில்லை. கீழே மரக் கதவு இழுபடும் சத்தம் எங்கள் அறைக்குக் கேட்கும். மனேஜர் மேசையில் குத்துவது கேட்கும். அவன் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பான். அம்மா மேசையில் இருந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதுவாள். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு ஓடி ஏறி வருவேன்.

“வெள்ளிச் சப்பாத்து?” என்று அண்ணா கேட்பான்.

“தோத்திட்டான்.”

“வாற கிழமை.”

நோர்வே அக்கா என்னிடம், “எங்க தம்பி?” என்று கேட்டாள். படிக்கிறான் என்று சொல்லும்படி அம்மா சொல்லித் தந்திருந்தாள். அப்படியே சொன்னேன். “நல்ல விஷயம், படிக்கட்டும்” என்றாள். அவள் எதையும் சந்தேகப்படவில்லை. இரண்டாவது சனிக்கிழமை அவள் கத்தவும் இல்லை. போட்டி முடிய முதலே எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கிழமை அவளுக்கு விசா வந்தது. புதன்கிழமை பயணம். வான் வாசலில் நின்றது. அவள் எங்கள் அறைக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். அம்மா அவளுக்குத் திருநீறு பூசி, “சந்தோஷமா இரு பிள்ளை” என்றாள். அண்ணா மேசைப் பக்கம் நின்றான். “போட்டு வாறன் தம்பி. நல்லாப் படியுங்கோ” என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் நடந்தது. கண்ணில் நீரோ பெருமூச்சோ ஒன்றும் இல்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனித் தடை தேவையில்லை. அவள் போய்விட்டாள். “சனிக்கிழமை போய்ப் பாரடா” என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாழன் சொல்லவில்லை, வெள்ளி சொல்லவில்லை. தான் நினைத்தது பிழை என்று ஒப்புக்கொள்வது போல இருக்கும் என்று நினைத்தாளோ, அவனே கேட்கட்டும் என்று இருந்தாளோ தெரியாது. அவனும் கேட்கவில்லை. ஒரே அறைக்குள் மூன்று நாள் அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

சனிக்கிழமை சாப்பிட்டு முடிந்ததும் அண்ணா சேட்டை மாட்டினான். “அடையாள அட்டையைத் தாங்கோ. கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன்.”

கொழும்பின் மற்ற அந்தத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனையில் அவனோடு படித்த ஒருவன் புறக்கோட்டைக் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டு, வேறு மூன்று பெடியங்களோடு ஓர் அறையில் இருந்தான். நல்ல பிள்ளை, அம்மாவுக்கும் அவனைத் தெரியும்.

“அங்க என்ன உனக்கு?”

“ரெஸ்லிங் பாக்கப் போறன். அவங்களிட்ட ரீவி இருக்கு. அங்க பொம்பிளையள் ஒருத்தரும் இல்லை. பயப்பிடாதைங்கோ.”

அம்மாவின் முகம் கறுத்தது. மற்ற நாட்களில் என்றால் அழுதிருப்பாள், கதவில் குறுக்கே நின்றிருப்பாள். அன்று கைப்பையைத் திறந்து அட்டையையும் பதிவுத் துண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

“இருட்டுறதுக்குள்ள வா.”

“நானும் வரட்டோ அண்ணா?” என்று கேட்டேன்.

“நீ கீழ இருந்து பார். ரெண்டு பேரும் ஒரே போட்டியைத்தானே பாக்கப் போறம். வந்து கதைப்பம்.”

அன்று வெள்ளிச் சப்பாத்து வரவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. கடைசிப் போட்டிக்கு முன்னரே கொட்டாவி விட்டுக்கொண்டு படியேறிவிட்டேன். அதனால்தான் அந்தப் போட்டி எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. முழுக்கப் பார்த்திருந்தால் இன்றைக்கு இதைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இருட்டியது. அவன் வரவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தக் கொட்டாஞ்சேனைச் சிநேகிதன்தான் வந்தான். சேட்டின் ஒரு பொக்கற் கிழிந்து தொங்கியது. அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே குந்திவிட்டான்.

“கடைசிப் போட்டி நடந்துகொண்டிருந்தது அன்ரி. கரடி கயித்துக்கு வெளியில விழுந்திட்டான். நடுவர் எண்ணிக்கொண்டிருந்தவர். அப்பத்தான் கதவில அடிச்சவங்கள்.”

ஒழுங்கையையே வளைத்திருந்தார்களாம். ஐந்து பேரையும் வெளியே நிறுத்தித் துண்டுகளைப் பார்த்தார்களாம். நான்கு பேர் அந்த முகவரியில் பதிந்தவர்கள். அண்ணாவின் துண்டில் வெள்ளவத்தை. வெள்ளவத்தையில் பதிந்தவன் இங்கே என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். அண்ணா தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறான்: “ரெஸ்லிங் பலன்ன ஆவா, சேர்.” ரெஸ்லிங் பார்க்க வந்தேன். ஒருவன் சிரித்தானாம். வெள்ளவத்தையில் ரீவி இல்லையா என்று கேட்டானாம். இருக்கிறது என்று அண்ணா சொன்னானாம். இருந்தால் பிறகு ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார்களாம்.

“அதுக்கு அவன் ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. பேசாமல் நிண்டவன். ஏதாவது சொல்லடா எண்டு நான் கண்ணைக் காட்டினனான்.”

ஐந்து பேரையும் ஏற்றினார்கள். விடிய நான்கு பேரை விட்டார்கள். வந்தவர்கள் எந்தப் பிரிவு, வாகனம் எங்கே போனது என்று இன்று வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மா போகாத இடம் இல்லை. நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். கொழும்புப் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைச் சிங்களத்தோடு, பத்து வயதில், ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று, “அண்ணா வெள்ளவத்தையில் இருந்து ரெஸ்லிங் பார்க்கப் போனவர்” என்று சொல்வேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பார்கள். வேறு வாசலுக்குப் போகச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தோம். பின்னாளில் ஆணைக்குழுக்கள் வந்தன, அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தோம். காணாமற்போனபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுவேன்.

கனடா விசா வந்தது, மூன்று பேருக்கும். அம்மா போக மறுத்துவிட்டாள். “அவன் வந்து லொட்ஜிலதானே தேடுவான்” என்றாள். என்னையாவது அனுப்பு என்று அப்பா ரெலிபோனில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு எடுப்பது குறைந்தது. அவர் அங்கேயே செத்தார். லொட்ஜ் மூடும்வரை அதே அறையில் இருந்தோம். மூடிய பிறகு அதே ஒழுங்கையில் வேறு அறை. மனேஜர் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார், தம்பி வந்தால் தனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லி. லொட்ஜ் நின்ற இடத்தில் இப்போது ஒன்பது மாடி. கீழே சாறிக் கடை.

அம்மா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் ரீவி இல்லை. ரெஸ்லிங் என்ற சொல்லும் இல்லை. ஆனால் வருஷத்தில் ஒரு தரம், இரண்டு தரம், சம்பந்தமே இல்லாத நேரத்தில், மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போதோ மருந்து குடித்துக்கொண்டிருக்கும்போதோ கேட்பாள்.

“அவை என்ன கதைச்சவை எண்டு உனக்கு உண்மையா விளங்கேல்லையோ?”

“இல்லை அம்மா.”

“ஒரு சொல்லுக்கூடக் காதில விழேல்லையோ?”

“இல்லை.”

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும் கேட்டாள். காதல் என்று நான் சொல்லியிருந்தால் ஆறுதலாகச் செத்திருப்பாளோ, தெரியாது. அவள் போன பிறகுதான் இந்தப் பழைய போட்டிகளைத் தேடத் தொடங்கினேன். கரடி கயிற்றுக்கு வெளியே விழும் போட்டிகள் பதினொன்று கிடைத்திருக்கின்றன. சிலதில் அவன் எழும்பி உள்ளே வருகிறான். சிலதில் நடுவர் எண்ணி முடித்துவிட, தோற்கிறான். அண்ணா பார்த்தது எது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. வெள்ளிச் சப்பாத்தின் போட்டிகளையும் தேடிப் பார்த்தேன். கிடைத்தது எல்லாவற்றிலும் தோற்கிறான். அவனுடைய வேலையே அதுதான் என்று, பெரியவர்களைப் பெரியவர்களாகக் காட்டுவதற்குத்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்று, கீழே யாரோ எழுதியிருந்ததை நாற்பது வயது கடந்து வாசித்து அறிந்துகொண்டேன்.

போன மாதம் ஒரு மதியம். காலி வீதியில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்தில் நான் தட்டெழுத்து வேலை பார்க்கிறேன். பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, காணி உறுதி எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டு சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன். நரைத்த கட்டை மயிரோடு ஒரு பெண், கையில் கோவையோடு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தலையைச் சரித்து என் கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

“உது கரடியெல்லோ?” என்றாள்.

அது அண்ணா வைத்த பெயர். அந்த லொட்ஜைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் அவனுக்கு அந்தப் பெயர் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். “நீ… கனடா அம்மான்ர மகள்? சின்னப்பிள்ளை?”

“நோர்வே அக்கா.”

கவுண்டர் பலகையைத் தூக்கி அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். காணி அலுவலாக வந்திருந்தாள். மனுசன் செத்து இரண்டு வருஷம், மகள் டாக்குத்தர் என்றாள். அம்மாவைக் கேட்டாள், சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“அங்க போன முதல் வருஷம் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் வேலைக்குப் போயிடுவார். வெளியில பனி. நான் உதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். தம்பி சொல்லித் தந்ததால எல்லாம் விளங்கும்.”

“என்ன சொல்லித் தந்தவன்?”

“உனக்குச் சொல்லவே இல்லையோ?” அவள் கதிரையை முன்னால் இழுத்தாள். “கழுத்தைப் பிடிச்சு நெரிக்கேக்க அவன்ர வாயைப் பாருங்கோ அக்கா எண்டுவார். அடுத்ததா என்ன செய்யிறதெண்டு மற்றவன்ர காதுக்குள்ள சொல்லுறானாம். இப்ப தூக்கப்போறான் பாருங்கோ எண்டுவார், அப்பிடியே தூக்குவான். எல்லாம் முதலே பேசி வச்சதெண்டு எனக்குக் காட்டித் தந்தது அவர்தான். எனக்குச் சிரிப்பெண்டாச் சிரிப்பு. உரத்துச் சிரியாதைங்கோ அக்கா, தங்கச்சிக்குத் தெரியக்கூடாது எண்டுவார். நீதான் அந்த வெள்ளிச் சப்பாத்துக்காரன் வெல்லுவான் எண்டு நேத்தியெல்லாம் வச்சுக்கொண்டு இருந்தனி. அவன் தோக்கிறதுக்கெண்டே வாறவன், தெரிஞ்சா அழுவாள், கனடாவுக்குப் போனாப் பிறகு நானே பக்குவமாச் சொல்லுறன் எண்டவர்.”

அவர்கள் ரகசியம் பேசியது எனக்காக. அம்மா கேட்டபோது அவன் வாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தது அதைச் சொல்லமுடியாமல். நான் கட்டிலில் இருந்தேன். நான் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். அம்மா சிரித்திருப்பாள்.

சோற்றுப் பார்சலை மூடினேன். 

“தம்பி இப்ப கனடாவிலதானே? பிள்ளையள் இருக்கோ?”

“அண்ணா இல்லை அக்கா.”

முழுவதையும் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை, சுற்றிவளைப்பு, ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பியது, அம்மா தேடியது, இவ்வளவும்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என் கையை விட்டுவிட்டுத் தன் கோவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப?”

“நீங்கள் போன அதே கிழமை, சனிக்கிழமை.”

“நான் போய் மூண்டு நாளிலயோ?” வெளியே பஸ் ஒன்று நடத்துனரின் கூப்பாட்டோடு போனது. “கொட்டாஞ்சேனைக்கு ஏன் போனவர்?”

“ரெஸ்லிங் பாக்க.”

“லொட்ஜில ரீவி இருந்ததே பிள்ளை. நான் போகேக்கயும் நல்லா வேலை செய்ததே. அதை விட்டிட்டு ஏன் அவ்வளவு தூரம்?”

கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அறுபது வயதுப் பெண். தனியாக வந்திருந்தாள். பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏற இருந்தாள்.

“அந்தக் கிழமை அது பழுதாப் போச்சு அக்கா” என்றேன். “சத்தம் மட்டும்தான் வந்தது. படம் வரேல்லை.”

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். “கடல் காத்து” என்றாள். “உள்ளுக்க கறள் கட்டியிருக்கும்.”

“ஓம்” என்றேன்.